படகு டிரெய்லரின் இணைப்புகளுக்குப் போல்டா, வெல்டிங்கா? ஏற்காட்டிலிருந்து இறங்கியபோது கண்ட விரிசல்

மூக்கனேரிக் கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சேலத்தைச் சுற்றியுள்ள ஏரிகளில் ஆகாயத்தாமரையையும் நெகிழிக் குப்பையையும் அகற்றி வரும் சிறு குழு ஒன்றில் நான் இருக்கிறேன். எங்களிடம் 14 அடி நீள ஃபைபர் படகு ஒன்றும், அதை ஏற்றிச் செல்ல ஒற்றை ஆக்ஸில் டிரெய்லர் ஒன்றும் உள்ளன. படகு, சிறிய எஞ்சின், வலை, கயிறு, டிரெய்லரின் சொந்த எடை எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 700 கிலோ வரும். நான்கு ஆண்டுகளாக மூக்கனேரி, பனமரத்துப்பட்டி, மேட்டூர் என்று சமவெளியிலேயே ஓடிக்கொண்டிருந்த வண்டியை, ஒரு காப்பித் தோட்டத்துக் குளத்தைச் சுத்தம் செய்வதற்காகச் சென்ற வாரம் முதன்முறையாக ஏற்காட்டுக்கு ஏற்றினோம்.

20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, அடிவாரத்தில் தேநீர் குடிக்க நிறுத்தியபோது, குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தேன். காரின் கொக்கியிலிருந்து பின்னோக்கி வரும் நடுச் சேனலும் (சி வடிவ இரும்புச் சட்டம்) முதல் குறுக்குச் சேனலும் சேரும் இடத்தில், நடுச் சேனலின் கீழ் ஃபிளாஞ்சில் (அதன் படுத்திருக்கும் பக்கம்), தலைமுடி அளவுக்குச் செம்பழுப்பு நிறக் கோடு ஒன்று தெரிந்தது. பெயிண்ட் கீறலாக இருக்கும் என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். பெயிண்ட் உதிர்ந்துவிட்டது, கோடு மட்டும் அப்படியே இருந்தது. அதன் நீளம் ஏறத்தாழ இரண்டு விரற்கடை. படகை அங்கேயே இறக்கி வேறொரு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு, டிரெய்லரை வெறுமையாக மெதுவாக வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

டிரெய்லர் முழுவதும் 75×40 மி.மீ. சேனலில் வெல்டிங் செய்யப்பட்டது. இனி அதைப் புதிதாகச் செய்ய முடிவெடுத்திருக்கிறோம். கேட்ட இடத்திலெல்லாம் இரண்டு விதமான பதில்கள்தான் கிடைக்கின்றன. ஒருவர் வெல்டிங்கே கூடாது, எல்லாவற்றையும் போல்ட் போட்டுக் கட்டுங்கள் என்கிறார். இன்னொருவர் போல்ட் கழன்று போகும், வெல்டிங்தான் நிரந்தரம் என்கிறார். அனுபவமுள்ளவர்கள் காரணத்தோடு சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். இந்தப் படகில் ஏறுபவர்களில் பாதிப்பேர் கல்லூரி மாணவர்கள். டிரெய்லருக்குப் பின்னால் இருசக்கர வண்டியில் வருபவர்களும் அவர்கள்தான்.

கருப்பூர் பட்டறை எழுதியது:

வணக்கம். வெல்டிங் தொழிலில் 26 ஆண்டுகளாக இருக்கிறேன். வெல்டிங் வைத்தவரைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள். விரிசல் வெல்டின் நடுமுதுகில் ஓடுகிறதா, அல்லது வெல்டு முடிந்து சேனல் தொடங்கும் விளிம்பில் ஓடுகிறதா? நடுவில் ஓடினால் வெல்டு இளைத்திருக்கிறது, அல்லது இரும்புக்குள் சரியாக இறங்கவில்லை என்று பொருள். விளிம்பில் ஓடினால் வெல்டில் பெரும்பாலும் குற்றமில்லை. அதை வைத்த இடம்தான் தவறு.

கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். மூன்று டப்பாக்களாக விற்கும் சாய ஊடுருவல் சோதனைத் திரவத்தை வாங்குங்கள். இடத்தைச் சுத்தமாகத் துடைத்து, சிவப்புச் சாயத்தை அடித்துப் பத்து நிமிடம் விட்டு, மேலே நிற்பதைத் துணியால் துடைத்துவிட்டு, வெள்ளை மாவைத் தெளித்தால், விரிசலுக்குள் புகுந்த சாயம் வெளியே கசிந்து சிவப்புக் கோடாகத் தெரியும். கண்ணுக்குத் தெரிந்த நீளத்தைவிட உண்மை நீளம் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும் என்பது என் அனுபவம்.

அதுவரை அந்த விரிசலின் மேல் ஒரு ராடு (வெல்டிங் குச்சி) ஓட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். விரிசலை அடிவரை கிரைண்டரால் குடைந்து எடுக்காமல் மேலே பூசினால், விரிசல் உள்ளேயே இருந்துகொண்டு, புது வெல்டையும் சேர்த்துக் கிழிக்கும்.

மூக்கனேரிக் கரை எழுதியது:

அண்ணா, நீங்கள் சொன்னபடியே சோதித்துப் பார்த்தோம். கோடு வெல்டின் விளிம்பை ஒட்டித்தான் தொடங்குகிறது. குறுக்குச் சேனலை உட்கார வைத்துக் கீழ் ஃபிளாஞ்சின் அகலம் முழுவதும் குறுக்காக வெல்டிங் வைத்திருக்கிறார்கள். அந்த வெல்டின் முன்பக்க விளிம்பில், ஃபிளாஞ்சின் ஓரத்திலிருந்து உள்ளே 34 மி.மீ. வரை சிவப்புக் கோடு வந்தது. ஃபிளாஞ்சின் மொத்த அகலமே 40 மி.மீ.தான். இதைப் பார்த்த பிறகு அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சங்ககிரி பாடி கட்டுபவர் எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்ன அடையாளத்தை வைத்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். நாங்கள் லாரிக்குப் பாடி கட்டுகிறவர்கள். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் பட்டறைக்கு வேலை கற்க வரும் பையனுக்கு முதலில் சொல்லித் தருவது, சேஸிஸின் மேல், கீழ் ஃபிளாஞ்சில் வெல்டிங் வைக்காதே, ஓட்டையும் போடாதே என்பதுதான். வண்டிக் கம்பெனிகளின் கையேடுகளிலும் அதே எச்சரிக்கை இருக்கும். ஏனென்றால் நீளச் சட்டம் வளையும்போது இழுப்பும் அழுத்தமும் மிக அதிகமாக விழுவது மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும்தான்; நடு உயரத்தில் அது ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆகவே எதை இணைப்பதானாலும், நிற்கும் பக்கமான வெப்பில், நடு உயரத்தை ஒட்டி இணைக்க வேண்டும்.

லாரியின் நீளச் சட்டத்தோடு குறுக்குச் சட்டங்களை ரிவெட் அடித்தோ போல்ட் போட்டோதான் பெரும்பாலும் சேர்த்திருப்பார்கள். வெல்டிங் தெரியாமல் அப்படிச் செய்யவில்லை. மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் ஏறி மறுசக்கரம் இறங்கும்போது சட்டம் முறுக வேண்டும். மூலைகளை அசையவே முடியாதபடி பூட்டிவிட்டால், முறுக்கு முழுவதும் அந்த மூலைகளிலேயே போய் நிற்கும். திறந்த சேனலில் கட்டிய உங்கள் டிரெய்லரும் ஒரு சின்ன லாரிச் சட்டம்தான். என் கருத்தில், நீளச் சட்டத்துக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் இடையே ஆங்கிள் கிளீட் (எல் வடிவ இணைப்புத் துண்டு) வைத்து, வெப்பில் மட்டும் போல்ட் போடுங்கள்.

சாதாரணச் சேனலின் ஃபிளாஞ்ச் உள்பக்கம் சரிவாக இருக்கும் என்பதையும் கவனியுங்கள். யூ போல்ட் (ஆக்ஸிலைச் சுற்றிப் பிடிக்கும் வளைந்த போல்ட்) தட்டு போன்ற ஏதோ காரணத்துக்காக அதில் போல்ட் போட்டே தீர வேண்டும் என்றால், சரிவு வாசர் வைக்காமல் முறுக்கக் கூடாது. நட் ஒரு பக்கம் மட்டும் பட்டு, போல்ட் கழுத்தில் வளைந்து நிற்கும். வளைந்து நிற்கிற போல்ட் எத்தனை நாள் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மூக்கனேரிக் கரை எழுதியது:

நன்றி அண்ணா. இன்று டிரெய்லரைக் கட்டிக் கொடுத்த பட்டறைக்கே போய்க் கேட்டேன். பெயர் வேண்டாம், அவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை நேர்மையாகத்தான் செய்திருக்கிறார்கள். "போல்ட்டும் போட்டு, அதன்மேல் வெல்டிங்கும் வைத்துவிடுகிறோம், இரட்டைப் பாதுகாப்பு, நட் கழலாமல் இருக்க நட்டின் மேலும் ஒரு பொட்டு வைத்துவிடுகிறோம்" என்றார்கள். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றியது. சம்மதிக்கலாமா?

பாலிடெக்னிக் ஆசிரியர் எழுதியது:

ஐயா, தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். நம் பகுதிப் பட்டறைகளில் இந்தப் பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. நல்லெண்ணத்தோடு செய்யப்படுவதால் யாரும் இதைக் கேள்வி கேட்பதும் இல்லை. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

12 மி.மீ. போல்ட்டுக்கு 13 மி.மீ. துளை போடுகிறோம். அந்த இடைவெளி இருக்கும்வரை, போல்ட்டின் தண்டு துளையின் சுவரைத் தொட்டுச் சுமையை வாங்க வேண்டுமானால், இரண்டு தகடுகளும் ஒன்றின்மேல் ஒன்று சற்றே நகர வேண்டும். வெல்டோ நகரவே விடாது. ஆகவே ஒரே இணைப்பில் இரண்டையும் வைத்தால், முதல் நாளிலிருந்தே சுமை முழுவதையும் வெல்டு மட்டும் சுமக்கிறது. போல்ட் பக்கத்தில் சும்மா நிற்கிறது. வெல்டு விரிந்து விட்டுக்கொடுத்த பிறகுதான் போல்ட்டுக்கு வேலை வரும். அப்போது அது ஒரே அதிர்ச்சியாக வரும். இருவர் பாரம் தூக்குகிறார்கள் என்று நாம் நம்பிக்கொண்டிருக்க, உண்மையில் ஒருவர் மட்டும் தூக்கிக்கொண்டிருப்பார். அதனால் ஒரு இணைப்பை வெல்டு என்று தீர்மானித்தால் முழுச் சுமைக்கும் வெல்டைக் கணக்கிட வேண்டும். போல்ட் என்றால் முழுச் சுமைக்கும் போல்ட்டைக் கணக்கிட வேண்டும்.

நட்டின்மேல் பொட்டு வைப்பது அதைவிடக் கெடுதல். தலையில் 8.8 என்று பொறித்த போல்ட், சூடேற்றித் தணித்துப் பதப்படுத்திய எஃகினால் ஆனது. அந்தப் பதத்தினால்தான் அதற்கு 800 மெகாபாஸ்கல் இழுவலிமை கிடைக்கிறது. வெல்டிங்கின் சூடு அந்தப் பதத்தைக் கெடுக்கும். பொட்டை ஒட்டிய சிறு பகுதி சட்டென்று குளிர்ந்து கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையை அடையும். மேலும், அந்தச் சூட்டிலேயே போல்ட் நீண்டு, நீங்கள் முறுக்கி ஏற்றிய இறுக்கமும் குறைந்துவிடும்.

இப்போது வலிமைக் கணக்குக்கு வருவோம். உங்கள் டிரெய்லரின் மொத்த எடை 700 கிலோ. ஒரு பக்கத்துக்கு 350. பள்ளத்தில் விழும்போது மூன்று மடங்கு என்று தாராளமாக வைத்துக்கொண்டால், ஒரு பக்கத்துக்குச் சுமார் 10 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ ஒரு டன் எடை. 8.8 தரமுள்ள ஒரே ஒரு 12 மி.மீ. போல்ட், நம் நாட்டு எஃகுக் கட்டுமான விதியான ஐ.எஸ். 800-இன் பாதுகாப்புக் குறைப்புகளுக்குப் பிறகும், வெட்டு விசையில் ஏறத்தாழ 31 கிலோநியூட்டன் தாங்கும். சாதாரண இரும்பில் 5 மி.மீ. ஃபில்லட் வெல்டு (மூலையை நிரப்பும் வெல்டு) 100 மி.மீ. நீளத்துக்கு வைத்தால் ஏறத்தாழ 66 கிலோநியூட்டன் தாங்கும். இரண்டுமே தேவைக்கு மிஞ்சியவை. ஆகவே எது வலிமையானது என்ற சண்டையால் இங்கே பயன் இல்லை. உங்கள் சேனல் ஒரு பெரிய சுமையில் முறியவில்லை. சிறிய சுமை லட்சக்கணக்கான முறை வந்துபோனதால் விரிந்தது. இதை உலோகச் சோர்வு என்கிறோம்.

வெல்டு முடியும் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குழிகள் இருக்கும். வெல்டு குளிரும்போது சுருங்கியதால் உண்டான இழுவிசை அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். அந்த இடத்தில் ஏற்ற இறக்கத் தகைவு (இரும்புக்குள் உண்டாகும் விசைச்செறிவு) இரண்டு மடங்கானால், ஆயுள் பாதியாகாது, எட்டில் ஒன்றாகும். சமவெளியில் நான்கு ஆண்டுகள் தாக்குப்பிடித்தது மலையில் ஒரு நாளில் வெளியே தெரிந்ததற்குக் காரணம் இதுவே. உயர்ந்த ரக எஃகு வாங்கினாலும் இதில் மாற்றமில்லை என்பதை மாணவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வேன். வெல்டு விளிம்பின் சோர்வு ஆயுள் எஃகின் ரகத்தைப் பொறுத்து உயர்வதில்லை. இடத்தை மாற்றினால்தான் உயரும்.

போல்ட் இணைப்புக்கு இதில் ஒரு நன்மை உண்டு. ஆனால் அது சரியாக முறுக்கினால் மட்டுமே கிடைக்கும். முறுக்கும்போது போல்ட் ஒரு விறைத்த ஸ்பிரிங்போல நீண்டு, தகடுகளை ஒன்றோடொன்று அழுத்துகிறது. 12 மி.மீ. 8.8 போல்ட்டில் ஏறத்தாழ 36 கிலோநியூட்டன் அழுத்தம் ஏற்றலாம். பெயிண்ட் இல்லாத சாதாரண இரும்புப் பரப்புகளுக்கு இடையே உராய்வு 0.2 என்று கொண்டால், ஒரு போல்ட்டுக்கு 7 கிலோநியூட்டன் வரை தகடுகள் நகரவே நகராது. இரண்டு போல்ட் போட்டால் 14. நம் தேவையோ 10. தகடுகள் நகராதவரை சுமை உராய்வின் வழியே போகிறது. போல்ட்டின் தண்டுக்கு வெட்டு விசை போவதே இல்லை. அதே பரப்பில் துத்தநாகம் பூசியிருந்தாலோ, இணையும் முகத்தில் செந்தூரப் பெயிண்ட் அடித்திருந்தாலோ, உராய்வு 0.1 அளவுக்குக் குறைந்துவிடும். அப்போது அதே 14-ஐ எட்ட நான்கு போல்ட் தேவைப்படும்.

கருப்பூர் பட்டறை எழுதியது:

ஐயா சொன்ன கணக்கு சரி. ஆனால் பட்டறையில் நடப்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். துளையை டிரில்லில் போடாமல் கேஸ் கட்டிங்கில் ஊதிப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தத் துளை வட்டமாகவும் இருக்காது, 13 ஆகவும் இருக்காது. டார்க் ரென்ச் (முறுக்கை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்திருக்கும் சின்னப் பட்டறையை நான் அதிகம் பார்த்ததில்லை. செவ்வாய்ப்பேட்டையில் எடை போட்டு வாங்கும் போல்ட்டின் தலையில் எந்த எண்ணும் இல்லையென்றால் அதை 4.6 என்ற தாழ்ந்த தரம் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். ஐயாவின் கணக்கில் பாதிக்கு மேல் அதில் கிடைக்காது. இந்த மூன்று தவறுகளில் ஒன்று நடந்தாலும், நல்ல வெல்டைவிட மோசமான போல்ட் இணைப்புதான் கிடைக்கும்.

அதனால் எல்லாவற்றையும் போல்ட்டில் கட்டு என்பதை நான் ஏற்கவில்லை. வெல்டிங்குக்கு உரிய இடம் டிரெய்லரில் இருக்கிறது. ஸ்பிரிங் பட்டையைத் தொங்கவிடும் ஹேங்கர் பிராக்கெட்டை வெப்பின் நடுவில், சேனலின் நீளவாக்கில் வெல்டு ஓடும்படி வையுங்கள். ஃபிளாஞ்சின் ஓரத்துக்கு 10 மி.மீ. முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். வின்ச் (படகை இழுத்து ஏற்றும் உருளை) நிற்கும் தூணின் அடித்தட்டைத் தூணோடு வெல்டு செய்யுங்கள். அந்த அடித்தட்டை நடுச் சட்டத்தோடு சேர்க்கும்போது போல்ட் மட்டும் போடுங்கள். முக்கிய இடங்களுக்குக் குறைந்த ஹைட்ரஜன் ரகமான 7018 ராடு வாங்குங்கள். ஆனால் அதை அடுப்பில் காயவைக்காமல் பாக்கெட்டைப் பிரித்துப் பயன்படுத்தினால் சாதாரண 6013 ராடைவிட மோசமாகிவிடும். ராடின் மேல்பூச்சில் சேர்ந்த ஈரம் ஹைட்ரஜனாக வெல்டுக்குள் போய்ப் பின்னால் விரிசலாக வெளியே வரும். ஏற்காட்டில் ஒரு மாதம் திறந்து வைத்திருந்த ராடை என்னிடம் கொண்டுவந்தார்கள். கையில் எடுத்தபோதே மேல்பூச்சு மெத்தென்று இருந்தது. மொத்தக் கட்டையும் ஒதுக்கி வைத்துவிட்டேன்.

அடிவாரம் எழுதியது:

வணக்கம். ஏற்காட்டுப் பாதையில் சரக்கு வண்டி ஓட்டி வருகிறேன். கணக்கு எனக்குத் தெரியாது. வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்பது தெரியும். அதை மட்டும் சொல்கிறேன்.

கொண்டை ஊசி வளைவில் முன்வண்டி ஏறித் திரும்பி மேல் சாலைக்குப் போய்விடும். டிரெய்லர் இன்னும் கீழ்ச் சாலையின் சரிவில் நிற்கும். அந்த நேரத்தில் கொக்கி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், டிரெய்லரின் சக்கரங்கள் வேறொரு பக்கம் சாய்ந்திருக்கும். உட்சக்கரம் வளைவின் மேட்டில் ஏறும். வெளிச்சக்கரம் தாழ்ந்து நிற்கும். துணியைப் பிழிவதுபோலச் சட்டம் முறுகும். இப்படி ஏறும்போது 20 முறை, இறங்கும்போது 20 முறை. இறக்கத்தில் டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையென்றால், பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் அது முன்வண்டியைப் பின்னாலிருந்து தள்ளும். ஏற்றத்தில் இழுபட்ட அதே சேனல் இறக்கத்தில் அழுத்தப்படுகிறது. தம்பிக்கு விரிசல் வந்த இடம் இந்த இரண்டையும் வாங்குகிற இடம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொக்கியின்மேல் உட்காரும் எடை சரியாக இல்லாவிட்டால், என்ன இணைப்புப் போட்டும் பயனில்லை. மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் கொக்கியில் உட்கார வேண்டும். உங்கள் 700 கிலோவுக்கு 35 முதல் 70 கிலோ. குறைந்தால் டிரெய்லர் பின்னால் பாம்புபோல ஆடும். ஆகவே ஆக்ஸிலை முன்னும் பின்னும் நகர்த்தி வைக்கும்படி யூ போல்ட்டில் கட்டுங்கள். அதை வெல்டு செய்துவிட்டால், எஞ்சினை மாற்றினாலோ படகை மாற்றினாலோ எடையைச் சரிசெய்ய வழியே இருக்காது.

மூக்கனேரிக் கரை எழுதியது:

அடிவாரத்து அண்ணன் சொன்னபின் குளியலறைத் தராசைக் கொக்கிக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். 112 கிலோ காட்டியது. நான்கு ஆண்டுகளாக அந்த ஒரு இணைப்பின்மேல் தேவைக்கு மேல் பாரம் ஏற்றிக்கொண்டே ஓட்டியிருக்கிறோம்.

இரும்பாலை ஓய்வு எழுதியது:

வணக்கம். சேலம் இரும்பாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். தண்ணீரில் இறங்கும் வண்டி என்பதால், ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டுவிட்டால் துருவே இருக்காதே என்று பலரும் கேட்பார்கள். அதற்காகவே இதை எழுதுகிறேன். சேலம் என்றாலே ஸ்டெயின்லெஸ் என்ற எண்ணம் நம் ஊர்க்காரர்களுக்கு இருப்பது இயல்பு. அதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் கடையில் கிடைக்கும் 304 ரகப் போல்ட்டின் தலையில் ஏ2-70 என்று இருக்கும். அது 450 மெகாபாஸ்கலில் நீளத் தொடங்கிவிடும், 8.8 போல்ட்டோ 640 வரை நிற்கும். அத்துடன், ஸ்டெயின்லெஸ் மரையும் ஸ்டெயின்லெஸ் மரையும் முறுக்கும்போது ஒன்றையொன்று கடித்துப் பாதி வழியிலேயே சிக்கிக்கொள்ளும். மரைக்குரிய பசையைத் தடவி, மெதுவாக முறுக்கினால்தான் தப்பிக்கும். ஆகவே ரோலர் தாங்கி, படகு உட்காரும் கட்டைகளின் தாங்கி, விளக்குச் சட்டம் ஆகியவற்றுக்கு ஸ்டெயின்லெஸ் போடுங்கள். நடுச் சட்டத்துக்கும் ஸ்பிரிங்குக்கும் சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த 8.8 போல்ட்டைப் போடுங்கள். அதற்கு, மரையைச் சற்றே பெரிதாக வெட்டிய அதே வகை நட்டையே வாங்குங்கள். சாதாரண நட் அதில் ஏறாது.

சட்டத்துக்கே துத்தநாகம் முக்குவதாக இருந்தால் வேலையின் வரிசை முக்கியம். வெல்டிங், துளை எல்லாம் முடிந்த பிறகே முக்க வேண்டும். உருகிய துத்தநாகம் ஏறத்தாழ 450 பாகை வெப்பத்தில் இருக்கும்; மூடிய பாக்ஸ் பைப்பில் காற்றுப் போக்குத் துளை இல்லாமல் அதில் இறக்கினால், உள்ளே சிக்கிய ஈரம் நீராவியாகிக் குழாயையே வெடிக்க வைக்கும்; தொட்டியருகே நிற்பவரின் உயிருக்கே ஆபத்து. துத்தநாகத்தில் முக்கியெடுத்த பிறகு ஏதாவது விட்டுப்போய்விட்டது என்று அதன்மேல் வெல்டு வைத்தால், அந்த இடத்துப் பூச்சு எரிந்துபோகும். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசிப்பவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும். நீங்கள் பாக்ஸ் பைப் வேண்டாம், சேனலே போதும் என்று இருப்பது நல்ல முடிவு. சேனலின் உள்பக்கத் துரு வெளியே தெரியும், பைப்பின் உள்பக்கத் துரு ஓட்டை விழும் நாளில்தான் தெரியும்.

கன்னங்குறிச்சி வாசகர் எழுதியது:

இழை முழுவதையும் படித்தேன். ஒரே ஒரு சந்தேகம். போல்ட் கழலாமல் இருக்க ஸ்பிரிங் வாசர் போதாதா? எல்லா இடத்திலும் அதைத்தானே போடுகிறார்கள்?

பாலிடெக்னிக் ஆசிரியர் எழுதியது:

போதாது ஐயா. 1969-இல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர், போல்ட்டுக்குக் குறுக்காகத் தகடுகள் முன்னும் பின்னும் நழுவும்போதுதான் நட் தானாகச் சுழன்று கழல்கிறது என்பதைச் சோதனையில் காட்டினார். அந்த வகைச் சோதனையில் ஸ்பிரிங் வாசர் போட்ட நட்டும் கழன்றுவிடுகிறது. முழு இறுக்கத்தில் ஸ்பிரிங் வாசர் தட்டையாகிவிடுகிறது. அதன்பின் அது ஒரு சாதாரண வாசர்தான். முதல் பாதுகாப்பு, தகடுகள் நழுவாத அளவுக்கு முறுக்குவது. 12 மி.மீ. 8.8 போல்ட்டுக்கு மரை காய்ந்த நிலையில் ஏறத்தாழ 85 நியூட்டன் மீட்டர். அரை மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் ஏறத்தாழ 17 கிலோ இழுப்பு. துத்தநாகம் பூசிய மரையில் உராய்வு வேறுபடும் என்பதால், விற்பவர் தரும் முறுக்கு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். இரண்டாவது பாதுகாப்பு நைலான் வளையமுள்ள லாக் நட். ஒருமுறை கழற்றினால் அதைத் திரும்பப் போடாமல் புதியது போடுங்கள்.

துளையின் இடத்தையும் கவனியுங்கள். 13 மி.மீ. துளையின் மையம், கையால் வெட்டிய ஓரத்திலிருந்து குறைந்தது 22 மி.மீ. தள்ளியிருக்க வேண்டும்; இரண்டு போல்ட் மையங்களுக்கு இடையே குறைந்தது 30 மி.மீ. வேண்டும். 75 உயரச் சேனலின் வெப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு துளை வைத்தால் இடம் நெருக்கமாகிவிடும். நடு உயரத்தில், நீளவாக்கில், பக்கம் பக்கமாக வையுங்கள்.

சங்ககிரி பாடி கட்டுபவர் எழுதியது:

முறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து தகடு வரை வெள்ளைப் பெயிண்டில் ஒரே கோடு போட்டுவிடுங்கள் தம்பி. நட் சுழன்றால் கோடு உடைந்து தெரியும். மாணவர்களில் யார் வேண்டுமானாலும் புறப்படும் முன் ஒரு சுற்று வந்து பார்த்துவிடலாம். புதிய யூ போல்ட்டுகளை முதல் 100 கிலோமீட்டருக்குள் மறுபடி முறுக்க வேண்டும். ஸ்பிரிங் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்து இடம் விடும்.

மூக்கனேரிக் கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஏழு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். புதிய சட்டம் தயாராகிவிட்டது. கருப்பூர் அண்ணனே தம் பட்டறையில் செய்து கொடுத்தார். சங்ககிரி அண்ணன் ஒரு நாள் நேரில் வந்து கிளீட்டின் அளவைக் குறித்துக் கொடுத்தார்.

ஹேங்கர் பிராக்கெட்டுகள் நான்கும் வெப்பில் நீளவாக்கில் வெல்டு. வின்ச் தூண் அடித்தட்டோடு வெல்டு. குறுக்குச் சட்டங்கள் மூன்றும் ஆங்கிள் கிளீட் வைத்துப் போல்ட். துத்தநாகம் முக்கியதால் ஆசிரியர் ஐயா சொன்னபடி ஒரு முனைக்கு நான்கு போல்ட். வெப்பில் நான்கையும் ஒரே வரிசையில் வைக்க கிளீட்டின் பக்கத்தை 150 மி.மீ. நீளமாக்க வேண்டியிருந்தது. ஆக்ஸில் யூ போல்ட்டில் நகரும். அதை முன்னோக்கி 11 செ.மீ. நகர்த்தியதும் கொக்கி எடை 58 கிலோவுக்கு வந்தது. படகு உட்காரும் கட்டைகளின் தாங்கிகள் அனைத்தும் ஸ்டெயின்லெஸ் போல்ட். போல்ட்டும் வெல்டும் சேர்ந்த இணைப்பு ஒன்றுகூட இல்லை. பழைய சட்டத்தில் விரிசல் வந்த துண்டை மட்டும் வெட்டி எடுத்து, சாயத்தோடு அப்படியே ஆசிரியர் ஐயாவின் மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டோம்.

நேற்று முதல் ஓட்டமாக மேட்டூருக்குப் போனோம். அணையில் தண்ணீர் இறங்கியிருப்பதால் கரை வெகுதூரம் உள்ளே போயிருந்தது. கார் பழகிய தார்ச் சாலையை விட்டுச் சேறும் கல்லுமான சரிவில் கால் கிலோமீட்டர் இறங்க வேண்டியிருந்தது. சோதனைக்கு அதைவிட நல்ல பாதை கிடைத்திருக்காது. போய்வந்தது ஏறத்தாழ 100 கிலோமீட்டர். இரவு வீட்டு வாசலில் டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வெள்ளைக் கோடாகப் பார்த்தோம். கிளீட்டுகளில் இருந்த 24 கோடுகளும் உடையவில்லை. இடப்பக்க யூ போல்ட்டில் இரண்டு நட்டுகளின் கோடுகளும் நேராகவே இருந்தன. ஆனால் ரென்ச்சை வைத்ததும் இரண்டும் கால் சுற்று ஏறின. மறுபடி முறுக்கி, பழைய கோட்டை அழித்துப் புதுக்கோடு போட்டாயிற்று. அடுத்த ஞாயிறு காலை அடிவாரத்திலிருந்து ஏறுகிறோம். ஐந்தாவது வளைவிலும் பத்தாவது வளைவிலும் நிறுத்தி மறுபடி பார்க்கப் போகிறோம்.